மூன்றாவது பல்லில் வெயில்

இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது, அப்படித்தான் பஞ்சாங்கம் சொல்கிறது, பஞ்சாங்கத்துக்கு மேகம் தெரியாது, மேகம் பஞ்சாங்கம் படிப்பதில்லை, இரண்டையும் நம்பி ஐந்தரை மணியிலிருந்து இந்தக் குளத்தங்கரையில் டிரைபாடை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன், சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி. எங்கள் ஊரில் விடியலைப் படம் பிடிக்கிறவன் விடியலைப் பார்க்க மாட்டான். மலை மேற்கே இருக்கிறது. கிழக்கே பருத்திக்காடும் மின்கம்பங்களும்தான், அங்கே சூரியன் என்ன வேடிக்கை காட்டினாலும் எங்களுக்கு அக்கறையில்லை, அது மேகத்துக்கு அடியில் கிடைக்கிற இடுக்கில் தலை நீட்டும்போது மலை உச்சியில் என்ன விழுகிறது என்பதுதான் கணக்கு. முதலில் உச்சியில் ஒரு சிவப்புக் கீறல் விழும், பிறகு அது இறங்கும், நனைந்த பாறை முழுக்கச் செம்பாகும், பிறகு வெளிறி வெறும் பகலாகிவிடும். ஒன்றரை நிமிடம். அதுவும் மழை மாதத்தில், முந்தின நாள் மழை காற்றைக் கழுவிவிட்டிருந்தால், வருஷத்துக்கு நாலு நாளோ ஐந்து நாளோ. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் ஏன் சிவப்பு என்று என்னால் சொல்ல முடியும், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். சூரியன் உதித்துவிட்டதாக நாம் பார்க்கிற கணத்தில் அது உண்மையில் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது, காற்று ஒளியை வளைத்து இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறது என்று சொன்னால் ஒன்பதாம் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகும். ஒரு நிமிடம்தான். பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், தளவாய் தன் டிரைபாடின் ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிச் செங்கல் துண்டின் மேல் வைக்கிறார். ஊரில் பாதிப்பேரின் சிரிப்பு இவர் கைவேலை, நாற்பது வருஷமாகப் பல்செட் கட்டுகிறவர், எதிரே தெரியும் ஏழு முகடுகளையும் ஒரு தாடையாகத்தான் பார்ப்பார். அந்த முகடுகளுக்குச் சர்வே வரைபடத்தில் உள்ள பெயர்கள் எனக்குத் தெரியும், ஆனால் தெற்கிலிருந்து மூன்றாவது பல் என்று அவர் சொன்னால்தான் எனக்கே சட்டென்று விளங்குகிறது. அந்த மூன்றாவது பல்தான் விஷயம். இப்போது அது சாம்பல் நிறத்தில், ஒன்றும் அறியாததுபோல் நிற்கிறது.

ஒளி வந்து போனதும் சொல்லிவிட வேண்டும். படம் எடுத்து முடித்ததும், கேமராவைப் பையில் வைக்கும் முன்பு. இல்லை, வைத்த பிறகு, ஸ்கூட்டரைக் கிளப்பும் முன்பு. எப்படியானாலும் பத்து மணிக்குள், ஏனென்றால் பத்து மணிக்குச் சிவகாசியில் அட்டை அச்சேறுகிறது. மாவட்டப் புகைப்படக் கழகம் என் நாற்பது வருஷப் படங்களைப் புத்தகமாகப் போடுகிறது, அட்டையில் அந்தப் படம், வேறு எந்தப் படம், என்னிடம் வேறு படம் ஏது, அதன் கீழே கோமதிநாயகம் என்று என் பெயர். அச்சகத்துக்காரர் ரத்தினவேல் படத்தின் மூல ஃபிலிமான ஸ்லைடைப் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஓரம் வரை முழுதாக வரட்டுமே என்று ஸ்லைடின் அட்டைச் சட்டத்தைப் பிளேடால் கீறிப் பிரித்தேன். முப்பத்தோரு வருஷமாகச் சட்டத்துக்குள் மறைந்து கிடந்த விளிம்பு வெளியே வந்தது. மேலே இடது மூலையில், கறுப்பு ஓரத்துக்குள் நீட்டிக்கொண்டு, கடுகில் பாதியளவு ஒரு முக்கோணம். தூசி என்று ஊதினேன். போகவில்லை. துணியால் ஒற்றினேன். போகவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது அது மேகம் என்று தெரிந்தது, படத்தின் மேகத்தில் ஒரு துணுக்கு, எல்லையை மீறி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி வந்து பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள், போட்டேன் என்றேன், போடவில்லை. அது தளவாயின் மச்சம். எங்கள் இரண்டு பேர் ஃபிலிமும் ஒரே உறையில்தான் பம்பாய்க்குக் கழுவப் போகும், தபால் செலவு மிச்சம், திரும்பி வரும்போது எது யாருடையது என்று சண்டை. அதற்காக அவர் ஒருநாள் பல்செட் ராவுகிற மெல்லிய அரத்தை எடுத்துத் தன் கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் படிகிற சன்னலின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு வைத்தார். அந்தக் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்த வெட்டு விழும். எம் பிள்ளைக்கெல்லாம் மச்சம் வச்சிட்டேன், இனி எங்க தொலைஞ்சாலும் கண்டுபிடிச்சுருவேன் என்று சொல்லிச் சிரித்தார். நான் என் கேமராவில் அரம் வைக்க விடவில்லை. தவணையில் வாங்கியது. அதன் பிறகு நாங்கள் ஸ்லைடுக்கு மாறினோம், ஸ்லைடுகள் சட்டம் போட்டு வந்தன, சட்டம் மச்சத்தை மறைத்துவிட்டது, மச்சம் என்று ஒன்று இருப்பதையே இரண்டு பேரும் மறந்துபோனோம்.

மறந்தாரா. அதுதான் முள். நான் மறந்தேன், அவர் மறந்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும். அந்த நாளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், தொண்ணூற்று மூன்று டிசம்பர் முதல் வாரம், அவருடைய பட்டறை, மேசை முழுக்கச் செம்மண் நிற மெழுகுத் தாடைகள், நடுவில் ட்யூப்லைட்டின் மேல் வைத்த பால் நிறக் கண்ணாடி. பம்பாயிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் வந்திருந்தன, பெட்டிக்கு முப்பத்தாறு ஸ்லைடு. பெட்டியோடு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டிருந்தால் தீர்ந்திருக்கும். எங்களுக்குப் பொறுமை இல்லை. யாருடைய ஒளி உசத்தி என்று பார்க்கும் ஆசையில் இரண்டு பெட்டியையும் ஒரே கண்ணாடியில் கொட்டினோம். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் செய்ய மாட்டான், ஒரு வண்ணான் கூட இரண்டு வீட்டு வேட்டியைக் குறியில்லாமல் ஒரு சாலில் போட மாட்டான். இருபத்து மூன்று என்று எண் போட்ட ஸ்லைடு இரண்டு இருந்தன. ஒன்றில் மலை முழுக்கச் சிவப்பு, அழகுதான், அழகு மட்டும்தான். இன்னொன்றில் மற்ற ஆறு பற்களும் கருத்துக் கிடக்க மூன்றாவது பல் மட்டும் எரிகிறது, தண்ணீரில் அதன் நிழல் உடைபடாமல் நிற்கிறது, மேலே மேகம் கரியாய்த் தொங்குகிறது. இரண்டு பேரும் அதன் மேல் குனிந்தோம். பிறகு நான் சொன்னேன், இது நான் எடுத்தது, எனக்கு ஞாபகம் இருக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, இவ்வளவு நல்லா இருக்குன்னா உம்மதாத்தான் இருக்கும், என்றார். இந்த வாக்கியத்தை நான் நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். கிண்டலா, பாராட்டா, தெரிந்தே விட்டுக்கொடுத்ததா. ஒரு வாக்கியத்துக்கு இத்தனை உரை எழுதுவது என் வியாதி என்று தெரிகிறது, தெரிந்தும் எழுதுகிறேன்.

சத்தியமாக எனக்கு ஞாபகம் இருந்தது. அப்போது. ஷட்டரை அழுத்திய விரலின் குளிர் கூட ஞாபகம் இருக்கிறது. அல்லது அந்தக் குளிர் பிறகு வந்ததா. மதுரையில் முதல் பரிசு கொடுத்தபோது மேடையில் அந்தக் காலையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், அடுத்து பள்ளிக்கூடத்தில் சொன்னேன், மில்காரர்கள் அதைக் காலண்டரில் போட்டு ஊரில் பாதி வீட்டில் தொங்கியபோது தெருவில் சொன்னேன், ரோட்டரி சங்கத்தில் இரண்டு முறை. சொல்லச் சொல்ல அந்தக் காலை துலங்கியது. எப்படி மூச்சைப் பிடித்தேன், எப்படி மற்ற பற்கள் சிவக்கும் முன்பே அழுத்த வேண்டும் என்று உள்ளே ஒன்று சொன்னது, எப்படித் தண்ணீர் அசையாமல் எனக்காகக் காத்திருந்தது. இப்போது அந்தக் காலையை நினைத்தால் குளம் வரவில்லை, ரோட்டரி சங்கத்து மைக் வருகிறது. அந்தக் கூட்டங்களில் எல்லாம் தளவாய் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார், சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்களுக்கு அரை நொடி முன்னால் சிரிப்பார். ஒரே ஒருமுறை, வெளியே வந்து டீ குடிக்கும்போது, எட்டு இல்லவே, அன்னைக்குப் பதினொண்ணு வச்சிருந்தோம், என்றார், லென்ஸ் திறப்பின் அளவை. நான் எட்டு என்று சொல்லிவிட்டேன் போல. அன்றைக்குச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தப் பதினொன்று என் காதில் கொசுவாக இருக்கிறது. தன் படத்தின் அளவு தனக்குத் தெரியாமலா போகும். தெரிந்திருக்கிறது, முப்பத்தோரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது, முதல் வரிசையில் உட்கார்ந்து என் பொய்க்கு என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். அப்படியானால் அவர் மகான், மகான்களோடு டீ குடிப்பது சிரமம். ஆனால் அப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு வசதி, என்று இன்னொரு பக்கம் ஒரு சின்னக் குரல், அவருக்குத் தெரியும் என்றால் அவர் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம், கொடுத்ததை வாங்கிக்கொண்டவன் திருடன் இல்லை, பத்து மணிக்கு அட்டை அச்சேறட்டும். கரையின் மேல் பால் கேனோடு போகிற டிவிஎஸ்காரர் வேகத்தைக் குறைத்து, என்ன சார், குளத்துல எவ்வளவு தண்ணின்னு அளக்கியளா என்று கேட்டுவிட்டுப் போகிறார். பதினைந்து வருஷமாக இதே கேள்வி. பதில் சொன்னால் வருத்தப்படுவார்.

ஏழு நிமிடம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், திரும்பிப் பார்த்தால் மேகம் மூடிக்கொள்ளும் என்று தளவாய் நம்புகிறார், நான் நம்பவில்லை, ஆனாலும் திரும்புவதில்லை. இன்றைக்குத் திரும்பினேன். கிழக்கே மேகத்துக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவில் விரல்கடை அளவுக்கு ஒரு இடுக்கு, ஓரம் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. மூடு, என்று எனக்குள் யாரோ சொன்னார். முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக மேகம் விலகக் கூடாது என்று வேண்டுகிறேன். ஒளி வராவிட்டால் ஒளி வந்து போனதும் என்கிற வேளையே வராது. இப்படி ஒரு கோழையின் தர்க்கத்தை என் மாணவன் எவனாவது விடைத்தாளில் எழுதியிருந்தால் படிநிலைக்கு மதிப்பெண் கொடுத்திருப்பேன். என்ன பயம் எனக்கு. புத்தகம் போய்விடும், போகட்டும். கழகத்தில் பேசுவார்கள், பேசட்டும். அதில்லை. என் பெயர் போட்ட பீரோவில் நாலாயிரம் ஸ்லைடு இருக்கிறது, எல்லாம் சுத்தமாக, கூர்மையாக, சரியான வெளிச்சத்தில், ஒவ்வொன்றையும் நானே எடுத்தேன், ஒன்றுகூட நின்று பார்க்க வைக்காது. இது இத்தனை நாளும் என்னை உறுத்தவில்லை, ஏனென்றால் ஒன்று இருந்தது. ஒருமுறை பார்த்தவனுக்குக் கண் உண்டு, மற்றதெல்லாம் வாய்ப்புக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மீதி இருப்பது வெளிச்சத்தைப் பற்றி நிறையத் தெரிந்த ஒரு கிழவன். அதை எனக்கு நானே சொல்லிவிட்டேன், இதோ, வலிக்கிறது, தாங்க முடிகிறது. அடுத்தவரிடம் சொல்வதுதான் வாய்க்கு வரவில்லை. குளத்தில் ஒரு நீர்க்கோழி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது, மலையின் நிழல் நடுங்கி, மறுபடி கூடுகிறது.

தளவாய் ஷட்டரை அழுத்துகிற கேபிளைக் கையில் பிடித்திருக்கிறார். விரல் நடுங்குகிறது, இரண்டு வருஷமாக அப்படித்தான், பல்செட் வேலையை மருமகனிடம் விட்டுவிட்டார். இந்த வருஷத்தோடு கேமராவை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன் என்கிறார், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல். கை நடுக்கத்துக்குத்தான் டிரைபாடு இருக்கிறதே என்று சொல்கிறேன். கைக்கு இருக்கிறது, கண்ணுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார். கண்ணுக்கென்ன, போன வருஷம்தானே ஆபரேஷன் நடந்தது என்றேன்.

"அந்தக் கண்ணு இல்லவே. உம்ம கண்ணு." கேபிளைக் கை மாற்றிக்கொண்டார். "பக்கத்துல பக்கத்துல நின்னோம். ஒரே லென்சு, ஒரே ஃபிலிமு, ஒரே வெளிச்சம். உமக்கு அது விழுந்துச்சு, எனக்கு விழல. அத மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துரணும்னுதான் இத்தன வருசமும் உம்ம பொறத்தாலயே வந்துக்கிட்டிருக்கேன். வரல. நமக்குப் பல்லுதான்னு தெரிஞ்சுபோச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார், ரோட்டரி சங்கத்துச் சிரிப்பு, மற்றவர்களுக்கு அரை நொடி முன்னால் வருகிற அதே சிரிப்பு. இவருக்குத் தெரியாது. மகானும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை, கிண்டலும் இல்லை, நான் எழுதிய உரை அத்தனையும் தப்பு, அந்த வாக்கியத்துக்கு அது சொன்னதுதான் பொருள். நன்றாக இருந்தது, அதனால் தன்னுடையதாக இருக்காது என்று நினைத்திருக்கிறார். முப்பத்தோரு மழைக்காலம் இந்தச் சேற்றில் நின்று தன் படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார். பதினொன்று அவர் கேமராவில் இருந்தது, என் கேமராவிலும் அதுவே இருந்திருக்கும் என்று நினைத்து நல்லெண்ணத்தில் திருத்தியிருக்கிறார். மூன்றாவது பல்லின் நுனியில் ஊசியால் கீறியதுபோல் சிவப்பு. வந்துவிட்டது. தளவாய் குனிந்து கண்ணைக் கேமராவில் வைக்கிறார். ஒன்றரை நிமிடம், அதன் பிறகு சொல்லலாம், ஒன்றரை நிமிடத்தில் என்ன குடிமுழுகிவிடும், அவரும் எடுத்துக்கொள்ளட்டும், என்று எல்லா நியாயமும் வரிசையில் வந்து நிற்கிறது, ஒவ்வொன்றும் என்னைவிட நன்றாக உடுத்தியிருக்கிறது.

"தளவாய், அது உம்ம படம்."

எந்தப் படம் என்றார், கண்ணை எடுக்காமல். மூன்றாவது பல் என்றேன். ஸ்லைடின் சட்டத்தைப் பிரித்தேன் என்றேன். மச்சம் இருக்கிறது என்றேன். என் குரல் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலாக இருந்தது. அவர் நிமிர்ந்தார். எந்த மூலையில் என்று கேட்டார். மேலே, இடது. வலது கையைக் காற்றில் கேமராவின் முதுகுபோல் விரித்து, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், இன்னொரு முறை திருப்பினார். நான் ராவுனது கீழ, வலது, என்று தனக்குள் சொன்னார், உள்ள தலைகீழால்லா விழும். மலையில் சிவப்பு இறங்குகிறது, நான் ஓரக்கண்ணால் பார்க்கிறேன், என் விரல் கூடத் தானாக அசைகிறது, வெட்கங்கெட்ட விரல், முதல் பல்லும் இரண்டாவது பல்லும் பற்றிக்கொள்கின்றன, தண்ணீர் முழுக்கச் செம்பு. தளவாய் மலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எப்பப் பாத்தீரு?"

செவ்வாய்க்கிழமை என்றேன். இன்றைக்குச் சனி. அவர் எண்ணவில்லை, ஆனால் எண்ணியதுபோல் இருந்தது. புதன்கிழமை அவர் வீட்டில் இடியாப்பம் சாப்பிட்டேன். வியாழக்கிழமை இன்றைய வெளிச்சத்துக்கு நாள் குறித்தோம். மலை வெளிறத் தொடங்கிவிட்டது, ஏழு பல்லும் இப்போது வெறும் கல். விட்டுத்தள்ளும்வே, இந்த வயசுல பேரு என்னத்துக்கு, என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை ஒத்துக்கொள்வதற்குத் தோதாக முகத்தைக் கூட வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அவர் சொல்லவில்லை. கேபிளைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். அது பைக்குள் விழாமல் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அன்னைக்கு எனக்கும் விழுந்திருக்கு," என்றார். பிறகு, "ரத்தினவேலுக்குப் போன் போடும்."

மணி ஆறேகால்தான் ஆகிறது, தூங்குவார் என்றேன். எழுப்பும், என்றார். நாற்பது வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியதில்லை, பேசியிருந்தால் நாங்கள் இன்னும் நல்ல சிநேகிதர்களாக இருந்திருப்போமோ என்னவோ. போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை என்று கைப்பேசியைக் காட்டினேன், அதில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, அதையும் அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறுபடி போடும் என்றார். வெறும் தளவாய் என்று போட்டுவிடக் கூடாது, எங்கள் அப்பா பெயரையும் சேர்த்து மாடசாமி தளவாய் என்று போடச் சொல்லும், பல்செட் கில்செட் எதுவும் வேண்டாம் என்றார். சரி என்றேன். உள்ளே இருக்கிற படங்களுக்கு உம்ம பேரு இருக்கட்டும், அதெல்லாம் உம்மதுதான் என்று அவர் சொன்னபோது அதில் கிண்டல் இல்லை, அதுதான் தாங்கவில்லை. மறுபடி போட்டேன். வெயில் முதுகில் ஏறிச் சுடத் தொடங்கியிருக்கிறது. ஐந்தாவது முறை மணி அடித்தபோது ரத்தினவேல் எடுத்தார், தூக்கம் கலையாத குரலில், சொல்லுங்க சார், அட்டையில ஏதும் மாத்தணுமா என்று கேட்டார். தளவாய் ஒரு எட்டு முன்னால் வந்து, குனிந்து, கைப்பேசிக்குப் பக்கத்தில் தன் காதைக் கொண்டுவந்து வைத்தார்.